அடுக்களைக்கு நாடுகடத்தப்பட்ட புல்லுருவி

இங்கிலாந்துச் சமையலறையின் கிறிஸ்துமஸ் அலங்கார வரலாறு பறவை எச்சத்தில் தொடங்குகிறது. மன்னிக்கவும், இதைவிடக் கண்ணியமான ஆரம்பம் அகப்படவில்லை.

மிஸில் த்ரஷ் என்றொரு பறவை. குளிர்காலத்தில் முத்து முத்தாகக் காய்க்கும் ஒரு வெள்ளைப் பழம் அதற்கு உயிர். பழத்தின் சதை முழுக்கப் பசை. உள்ளே போன விதை அந்தப் பசையோடேயே வெளியே வந்து ஆப்பிள் மரக்கிளையில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே முளைக்கும். மரத்தின் உடம்புக்குள் இறங்கித் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும். சாப்பாட்டை மட்டும் தன் பச்சை இலையில் தானே தயாரித்துக்கொள்ளும். வாடகை கொடுக்காமல் குடியேறி, வீட்டுக்காரர் குழாயில் தண்ணீர் பிடித்து, சொந்த அடுப்பில் பொங்கித் தின்னும் இந்தக் குடித்தனக்காரரின் பெயர் மிஸில்டோ. நம்மூர்ப் புல்லுருவிக்குச் சீமைப் பங்காளி.

டிசம்பரில் ஆப்பிள் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். மேலே உட்கார்ந்திருக்கும் புல்லுருவி மட்டும் பச்சைப்பசேலென்று இருக்கும். ஊரான் சொத்தைத் தின்று ஒருவன் இப்படிக் கொழுத்திருப்பதைப் பார்த்தால் நியாயமாகக் கோபம் வர வேண்டும். ஐரோப்பியனுக்கு வந்தது பக்தி.

தங்க அரிவாளும் இரண்டு காளைகளும்

இந்தப் பக்தியை எழுதிவைத்தவர் ரோமானியரான மூத்த பிளினி. கண்டது, கேட்டது, யாரோ சொன்னது என்று எதையும் விடாமல் 37 புத்தகங்களாக இயற்கை வரலாறு எழுதியவர். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஊர் சனம் எதிர்த்திசையில் ஓட, இவர் கப்பலை எரிமலைப் பக்கம் விடச் சொல்லி உயிரை விட்டார். ஆர்வத்துக்கு அளவு தெரியாத மனிதர்.

இன்றைய பிரான்ஸ் பக்கத்துக் கால் (Gaul) நாட்டின் ட்ரூயிட் பூசாரிகளைப் பற்றி அவர் சொல்வது இது. ஓக் மரத்தில் மிஸில்டோ முளைப்பது அபூர்வம். முளைத்துவிட்டால் தெய்வமே இறங்கி வந்ததாக அர்த்தம். நிலவின் ஆறாம் நாள், அதாவது நம் கணக்கில் வளர்பிறை சஷ்டி, வெள்ளை அங்கி அணிந்த பூசாரி மரமேறித் தங்க அரிவாளால் அதை அறுப்பார். கீழே வெள்ளைத் துணி விரித்துப் பிடிப்பார்கள். பிறகு இரண்டு வெள்ளைக் காளைகள் பலி.

தங்கத்தில் அரிவாள் அடித்தால் வாழைத்தண்டுகூடச் சரியாக வெட்டுப்படாது என்று எந்தக் கொல்லரும் சொல்லிவிடுவார். பூசாரியிடம் அதை யார் சொல்வது? மலட்டு மாடு கன்று போடும், எல்லா விஷமும் முறியும் என்றெல்லாம் அந்தச் செடிக்குச் சக்தி ஏற்றிவிட்டார்கள். அந்தச் செடியே விஷச்செடி என்பது சின்ன இடைஞ்சல். முறிவு மருந்து கேட்டு வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று பிளினி எழுதவில்லை.

அடுத்து வந்தது கிறிஸ்தவம். கி.பி. 601-ல் போப் கிரிகோரி, இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெலிட்டஸ் என்ற பாதிரியாருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இன்றைய அரசியல்வாதிகள் பிரேம் போட்டு மாட்டிவைக்க வேண்டிய கடிதம். சாரம் இதுதான்: பழைய கோயிலை இடிக்காதே, சிலையை மட்டும் எடுத்துவிட்டுப் புனித நீர் தெளி. மாடு வெட்டிப் பழகிய சனம் மாடு வெட்டட்டும், ஆனால் நன்றியை நம் கடவுளுக்குச் சொல்லட்டும். சுற்றிலும் மரக்கிளைகளால் பந்தல் போட்டு விருந்து வைத்துக்கொள்ளட்டும்.

பந்தலுக்குக் கிளை என்று சொன்னதும் குளிர்காலத்திலும் பச்சை மாறாத ஹாலி வந்தது, ஐவிக் கொடி வந்தது, லாரல் வந்தது. எல்லோரும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

கெடு தவறாத பிசாசு

ஜான் ஸ்டோ என்ற லண்டன் தையற்காரர் 1598-ல் தன் ஊரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு, ஆலயம் என்று பாகுபாடில்லாமல் ஹாலி, ஐவி, அந்தப் பருவத்தில் பச்சையாகக் கிடைக்கும் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிடுவார்கள் என்கிறார். தெருவிலும் விடவில்லை. 1444-ல் கார்ன்ஹில் பகுதியில் நடுத்தெருவில் ஒரு மரத்தை நட்டு, ஹாலியும் ஐவியும் வைத்து ஆணியடித்திருந்தார்கள். பிப்ரவரி 2 விடியற்காலைப் புயலில் அது அடியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. தளக்கற்கள் பறந்து வீடுகளுக்குள் போய் விழுந்தன. கெட்ட ஆவியின் வேலை என்று சனங்கள் முடிவு செய்தார்கள்.

தேதியைக் கவனிக்க வேண்டும். பிப்ரவரி 2 கேண்டில்மாஸ் திருநாள். அதற்கு முந்தைய மாலைக்குள் அலங்காரத்தையெல்லாம் இறக்கிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து நியதி. பிசாசு கெடு முடிந்ததும் மறுநாள் காலையில் சரியாக வந்திருக்கிறது. மாநகராட்சி ஆட்களிடம்கூட இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

இந்த நியதியை வைத்தே ராபர்ட் ஹெரிக் ஒரு கவிதை எழுதினார். கெடுவுக்குப் பிறகு கூடத்தில் எத்தனை இலை மிச்சமிருக்கிறதோ அத்தனை பூதம் கண்ணில் படும் என்று வேலைக்காரப் பெண்களை அதில் மிரட்டுகிறார். எஜமானருக்குப் பூதம் வராது. கூட்டிப் பெருக்க வேண்டியவள் கண்ணுக்குத்தான் வரும். சம்பளத்தை உயர்த்தாமல் வேலை வாங்க எத்தனையோ வழி இருக்கிறது, இது செலவில்லாத வழி. ஹெரிக் டெவன் பக்கம் டீன் பிரையர் கிராமத்துப் பாதிரியார். 1647-ல், கிறிஸ்தவத்தைச் சுத்தம் செய்யக் கிளம்பிய ப்யூரிட்டன் கட்சியினர் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். மறுவருடமே கவிதைத் தொகுதியை அச்சுக்குக் கொடுத்துவிட்டார். வேலை போனவனுக்குத்தான் புத்தகம் போட நேரம் கிடைக்கும்.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்

ப்யூரிட்டன்களுக்குக் கிறிஸ்துமஸ் பிடிக்காது. பைபிளில் தேதி இல்லை, குடியும் கூத்தும்தான் இருக்கிறது, போதாக்குறைக்குக் கத்தோலிக்க வாடை வேறு. 1644-ல் டிசம்பர் 25 புதன்கிழமையில் வந்தது. மாதக் கடைசிப் புதன் உபவாச நாள் என்று ஏற்கெனவே உத்தரவு இருந்தது. விருந்தா விரதமா என்று ஊர் குழம்ப, விரதம்தான் என்று பாராளுமன்றம் அடித்துச் சொன்னது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்தே ரத்து செய்தார்கள்.

பண்டிகையைப் பிடுங்கினால் வேலைக்காரர்களுக்கு லீவு ஏது? நியாயமான கேள்வி. அதற்கும் பாராளுமன்றம் பதில் வைத்திருந்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஓய்வு. உலகப் பண்டிகைகளின் வரலாற்றில் இவ்வளவு உற்சாகமில்லாத பண்டிகை வேறு கிடையாது. இரண்டாம் செவ்வாய்க்கு யாராவது பலகாரம் செய்வார்களா, தோரணம் கட்டுவார்களா?

கட்டினார்கள், ஆனால் டிசம்பரில்தான். 1647 கிறிஸ்துமஸன்று லண்டன் கார்ன்ஹில்லில் தண்ணீர்த் தொட்டி மண்டபத்தின் உச்சியில் வேலை பழகும் பையன்கள் ஹாலியையும் ஐவியையும் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். அதை இறக்க லண்டன் மேயரே பரிவாரத்தோடு புறப்பட்டு வந்தார். நாட்டில் ஒரு உள்நாட்டுப் போர் முடிந்து அடுத்தது வரக் காத்திருந்தது. மாநகரத் தலைவருக்கு அன்றைய அலுவல், இலை பறிப்பது. கேன்டர்பரியில் கடையைத் திறக்கச் சொன்ன மேயரைக் கீழே தள்ளினார்கள். தெருவில் கால்பந்து ஆடினார்கள். கலகக்காரர்களின் வீட்டு வாசலில் ஹாலிக் கொத்து ஏறியது. அந்த ஒரு வருடம் இலை கட்டுவது அலங்காரமாக இல்லாமல் கட்சிக்கொடியாக இருந்தது.

பழியெல்லாம் ப்யூரிட்டன் தளபதி ஆலிவர் கிராம்வெல் தலையில்தான் இன்றுவரை விழுகிறது. சட்டம் போட்டது பாராளுமன்றம். அவர் நாட்டுத் தலைவராக உட்கார்ந்தது 1653-ல்தான். அவர் கிறிஸ்துமஸுக்காகக் கண்ணீர் விட்டார் என்று சொல்ல வரவில்லை. செய்த பாவமே நிறைய இருக்கிற மனிதர், செய்யாததையும் ஏன் சுமக்க வேண்டும்?

ஆலயத்தைப் பூட்டலாம், கடையைத் திறக்க வைக்கலாம். 1657 கிறிஸ்துமஸன்று லண்டனில் நற்கருணை வாங்கிக்கொண்டிருந்த ஜான் ஈவ்லின் என்ற கனவானைத் துப்பாக்கிக்காரர்கள் வளைத்துப் பிடித்ததை அவரே டயரியில் எழுதியிருக்கிறார். ஆனால் ஊரிலுள்ள அடுப்புக்கெல்லாம் ஒரு சிப்பாயை நிறுத்த எந்தக் கஜானாவாலும் முடியாது. 1660-ல் மன்னராட்சி திரும்பி வந்தது. கூடவே கிறிஸ்துமஸும் முன்வாசல் வழியாக வந்தது. கொல்லை வழியாக அது எப்போதும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

ஆலயத்தில் இடமில்லை, அடுப்படியில் உண்டு

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். ஹாலிக்கும் ஐவிக்கும் ஆலயத்தில் ஆசனம் கிடைத்ததே, மிஸில்டோவுக்கு? 1716-ல் ஜான் கே என்ற கவிஞர் லண்டன் தெருக்களைப் பற்றிய தன் கவிதையில் அதையும் ஆலய அலங்காரத்தோடு சேர்த்து எழுதிவிட்டார். ஜான் பிராண்ட் என்ற பாதிரியாருக்கு இது பொறுக்கவில்லை. நாட்டுப்புற வழக்கங்களைத் தோண்டித் துருவுவது அவருடைய பிழைப்பு. மிஸில்டோ ஆலயத்துக்குள் போயிருந்தால் அது கோயில்பிள்ளையின் அறியாமையால் நடந்த பிசகு என்று அடித்து எழுதினார். பாத் நகரில் விசாரித்தாராம், அங்கே அந்த வழக்கமே இல்லை. டெடிங்டனில் ஒரு கிழட்டுக் கோயில்பிள்ளை, ஒருமுறை கட்டியதாகவும் பாதிரியார் உடனே எடுக்கச் சொன்னதாகவும் சாட்சி சொன்னாராம். ஒரு செடிக்காக இவ்வளவு பெரிய புலன்விசாரணை!

காரணம், அது ட்ரூயிட் பூசாரிகள் தொட்ட செடி. மற்ற இலைகளுக்குக் கிடைத்த ஞானஸ்நானம் இதற்கு மட்டும் மறுக்கப்பட்டது. யார்க் பேராலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இதைப் பீடம் வரைக்கும் கொண்டுபோவார்கள் என்று வில்லியம் ஸ்டக்லி என்ற பழமை ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார்தான். ஆனால் அவர் எந்தக் கல்லைப் பார்த்தாலும் ட்ரூயிட் கட்டிய கோயில் என்பவர். சாட்சி பலவீனம்.

சரி, ஆலயத்தில் இடமில்லை. எங்கே போகும்? மடைப்பள்ளிக்குத்தான். மிஸில்டோவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சமையலறை, அங்கே அது வெள்ளைப் பழங்களோடு மகா கம்பீரமாகத் தொங்கும் என்று பிராண்டே சொல்கிறார். தண்டனை என்று நினைத்து அனுப்பிய இடம் வீட்டிலேயே கதகதப்பான அறை, சிரிப்புச் சத்தம் அதிகம் கேட்கும் அறை. நாடுகடத்தப்பட்டவர்களில் இவ்வளவு அதிர்ஷ்டக்காரர் வேறு யாரும் இல்லை.

சமையலறையில் அதற்கு வசதியும் தயாராக இருந்தது. பண்ணைவீட்டு அடுக்களையின் உத்தரத்தில் வருஷம் பூராவும் கொக்கிகள் உண்டு. உப்புப் போட்ட பன்றித்தொடை, வெங்காயச் சரம், காய்ந்த மூலிகைக் கட்டு எல்லாம் அதில்தான் தொங்கும். ஒரு கொக்கியைக் காலி செய்தால் அலங்காரத்துக்கு இடம் ரெடி. இரண்டு மூன்று வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று குறுக்கே செருகிப் பந்தாகக் கட்டுவார்கள். வளையம் தெரியாதபடி ஹாலியையும் ஐவியையும் நெருக்கிச் சுற்றுவார்கள். உள்ளே சிவப்பு ஆப்பிள்களை நாடாவில் கட்டித் தொங்கவிட்டு, விளிம்பில் மெழுகுவத்தி நிறுத்தி, அடியில், சரியாக ஆள் தலைக்கு மேலே வருகிற மாதிரி, மிஸில்டோக் கொத்தைக் கட்டினால் முடிந்தது. முத்தக்கிளை என்று பேர். பக்கத்துக் கொக்கியில் பன்றித்தொடை. கீழே காதல்.

ஒரு முத்தம், ஒரு பழம்

மிஸில்டோவுக்குக் கீழே ஒரு பெண் வந்து நின்றால், பக்கத்திலிருக்கும் இளைஞன் முத்தமிடலாம். அப்படி ஒரு உரிமை இருந்தது, அல்லது இருப்பதாக அவன் சொல்லிக்கொண்டான் என்று பிராண்ட் ஜாக்கிரதையாக எழுதுகிறார். பாதிரியாராக இருந்தாலும் ஆண்களை அறிந்தவர்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு பழத்தைப் பறித்துவிட வேண்டும். பழம் தீர்ந்தால் சலுகை முடிந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கிலாந்துக் கிறிஸ்துமஸை வேடிக்கை பார்த்த வாஷிங்டன் இர்விங்கும் 1820-ல் ஓர் அடிக்குறிப்பில் இதையே உறுதி செய்கிறார்: பண்ணைவீடுகளிலும் சமையலறைகளிலும் இன்னும் இது தொங்குகிறது, பழம் எல்லாம் போய்விட்டால் உரிமையும் போய்விடும்.

இந்த விதியை எழுதியது யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கென்னவோ சமையல்கட்டிலிருந்த ஒரு பெண்தான் என்று படுகிறது. எஜமானரின் மகன், குதிரைக்காரன், ரொட்டிக்காரன் என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கிறிஸ்துமஸ் பெயரைச் சொல்லி முத்தம் கேட்டு நின்றால் அடுப்பில் இருப்பது அடிப்பிடித்துவிடும். ரேஷன் வைத்தால்தான் வேலை நடக்கும். வேண்டாதவன் வருகிற நேரம் பார்த்துக் கொத்தை உலுக்கிப் பழத்தை உதிர்த்துவிடவும் வசதி.

சார்லஸ் டிக்கன்ஸும் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் (1836-37) இந்தக் கொத்தைக் கூடத்தில் கட்டவில்லை. பண்ணைக்காரர் வார்டில் தன் கையாலேயே சமையலறை நடு உத்தரத்தில் தொங்கவிடுகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு எஜமானரும் வேலைக்காரரும் அந்த அறையில்தான் ஒன்றாக உட்காருவார்கள். பிக்விக் மிகுந்த மரியாதையோடு வார்டிலின் வயதான தாயாரை அழைத்துப் போய்க் கொத்துக்கு அடியில் முத்தமிடுகிறார். கொஞ்ச நேரத்தில் இளம்பெண்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கிழவரை வளைத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பழங்களை யார் கணக்கில் பறிப்பது என்று டிக்கன்ஸ் சொல்லவில்லை.

மாடிக்கு மரம், கீழே இலை

இதற்கிடையே அரண்மனையில் ஜெர்மன் சம்பந்தம் வந்தது. 1800-ல் ஜெர்மன்காரரான ராணி சார்லட் விண்ட்சரில் யூ மரம் ஒன்றை அலங்கரித்து வைத்தார். யாரும் பெரிதாகக் காப்பியடிக்கவில்லை. 1848-ல் ராணி விக்டோரியாவும் அவருடைய ஜெர்மன் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போட்டது. வசதியுள்ள வீடுகளுக்கெல்லாம் மரஜுரம் பிடித்தது. 1850-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அதே படத்தில் ராணியின் கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் அழித்துவிட்டு, சாதாரணக் குடும்பம் என்று சொல்லி வெளியிட்டது. குடியரசு நாட்டுக்கு ராஜா ஆகாது, மரம் மட்டும் வேண்டும்.

மரம் கூடத்துக்குப் போனது. நகரத்துப் பெரிய வீடுகளில் சமையலறை நிலவறைக்குப் போய்விட்டது. மேலே இருப்பவர்களுக்குக் குழம்பு வாசனை வரக்கூடாது, கீழே இருப்பவர்களின் பேச்சும் கேட்கக்கூடாது. வார்டில் மாதிரி அடுப்படியில் வந்து உட்காரும் எஜமானர்கள் குறைந்தார்கள். ஆனால் மேலே போகும் அலங்காரம் ஒன்று மட்டும் கீழே இருப்பவர்கள் கையிலிருந்தே போக வேண்டியிருந்தது, பிளம் புட்டிங். மிஸஸ் பீட்டன் 1861-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்தின்படி அதை ஐந்தாறு மணி நேரம் வேகவைத்து, பண்டிகையன்று மறுபடி வேகவைத்து, நடுவில் ஒரு ஹாலிக் கொப்பைச் செருகி, சுற்றிலும் பிராந்தி ஊற்றிக் கொளுத்திக் கொண்டுபோக வேண்டும். மேலே கைதட்டல். கீழே மலைமலையாகப் பாத்திரம்.

எஜமானி இறங்கி வந்தாள்

முதல் உலகப்போருக்குப் பிறகு வேலைக்காரப் பெண்கள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் கிளம்பினார்கள். நடுத்தரக் குடும்பத்து எஜமானி வேறு வழியில்லாமல் சமையலறைக்குள் காலை வைத்தார். வைத்த பிறகுதான் தெரிந்தது, இருட்டு, ஈரம், நடந்து நடந்து கால்வலி. நூறு வருடமாக வேலைக்காரிகளுக்கும் கால் இருந்தது. அது யார் கண்ணிலும் பட்டதில்லை. சமையலறையை நவீனமாக்க வேண்டும் என்ற ஞானோதயம் அதன்பிறகே பரவலாக வந்தது.

1926-ல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். எட்டினால் எல்லாம் கையில். அருமையான வேலை. ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாம் ஆள் வந்தால் மிஸில்டோ தேவையே இல்லை, இடநெருக்கடியே போதும்.

பிறகு சுவரை இடித்து அடுக்களையைக் கூடத்தோடு சேர்த்தார்கள். சமையலறை விருந்தாளிகள் பார்க்கும் இடமாயிற்று. இப்போது டிசம்பர் வந்தால் ஃபிரிட்ஜ் கதவில் வளையம், அலமாரி விளிம்பில் எல்இடி சரம், துண்டில் கலைமான். ஐந்நூறு வருடமாகக் கொக்கியில் தொங்கிய பன்றித்தொடைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. சமைப்பவர் வேலைக்காரராக இருந்தவரை அலங்காரம் அவர்கள் சந்தோஷத்துக்கு. வீட்டுக்காரரே சமைக்க ஆரம்பித்ததும் அலங்காரம் ஊர் பார்ப்பதற்கு.

மிஸில்டோ இன்னும் கிடைக்கிறது. வூஸ்டர்ஷயரில் டென்பரி வெல்ஸ் என்ற சின்ன ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கட்டுக்கட்டாக ஏலம் போகிறது. ஏலத்துக்குப் போகச் சோம்பல் என்றால் பிளாஸ்டிக்கில் வாங்கலாம், துடைத்துப் பெட்டியில் வைத்து அடுத்த வருடமும் மாட்டலாம். பழங்கள் கெட்டியாக ஒட்டியிருக்கும், பிடுங்கினாலும் வராது. ஆண்கள் இதை மாபெரும் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று நினைக்கக்கூடும். அந்தக் காலத்துச் சமையற்காரி ஒருத்தி மட்டும் உயிரோடு இருந்திருந்தால், முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து எல்லாப் பழத்தையும் நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "இந்த வருஷக் கணக்கு முடிஞ்சுது, எல்லாரும் வெளியே போங்க, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லியிருப்பாள்.